பச்சை மை

முக்கூடல் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு.
ஐம்பத்திரண்டு பேரில் மூன்று பேர் வரவில்லை.
பீடிக் கடையில் அன்றைக்குக் கணக்கு முடிக்கிற நாளாம்.
நாற்பத்தொன்பது படிவம் கொடுத்தேன்.
பெயர் எழுத வேண்டாம் என்றேன்.
"அப்பம் யாருதுன்னு எப்படிக்கா தெரியும்?"
தெரியக் கூடாது என்றேன்.
தெரியக் கூடாததுக்கு எதுக்கு இம்புட்டுக் கேள்வி
என்பதுபோல் பார்த்தாள் முதல் பெஞ்சு சிவப்பு ரிப்பன்.

பதினாறு வாக்கியம்.
வீட்டார் ஆறு, நண்பர்கள் ஆறு, ஆசிரியர் நான்கு.
ஒன்று என்றால் இல்லவே இல்லை,
ஐந்து என்றால் எப்போதும்.
இடையில் உள்ளதெல்லாம் அவரவர் மனசுபோல.

பார்த்து எழுதக் கூடாது என்பதால்
ஒட்டி இருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொன்னேன்.
ஒருத்தன் தோளில் கிடந்த இன்னொருத்தன் கை
மெல்ல இறங்கியது.
பெஞ்சுக்கு இரண்டு பேர், நடுவில் பை.
உன் நண்பர்கள் உன்னோடு இருக்கிறார்களா என்று
கேட்பதற்கு இப்படி ஒரு ஏற்பாடு.

"எக்கா, எங்கண்ணன் கோட்டயத்துல பேக்கரியில நிக்கான்.
ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பேசுவான்.
ஆனா நல்லாப் பேசுவான். அது எத்தன?"
உனக்கு எத்தனை தோணுதோ அத்தனை.
பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பதில் இது.
"ஏழுல ஒண்ணுதானக்கா?" என்றான் தனக்குள்.
என்ன போட்டானோ.

மூன்றாவது வாக்கியத்தில் நிறையப் பேர் நின்றுவிட்டார்கள்.
'என் கஷ்டத்தை வீட்டில் சொல்ல முடிகிறது.'
அதுவரை காதில் விழாத மின்விசிறி
கடகடவென்று கேட்டது.
ஒரு பிள்ளை ஐந்தில் வட்டம் போட்டு, அடித்து,
இரண்டில் போட்டு, அடித்து,
மறுபடி ஐந்துக்கே வந்தாள்.
யாராவது வீட்டில் கொண்டுபோய்க் காட்டிவிடுவார்களோ என்று
அந்த வட்டமே கொஞ்சம் கோணிக்கொண்டு நின்றது.

சுத்தமல்லி விலக்கில் பஸ் அரைமணி நேரம் நின்றபோது
நானும் ஒரு படிவம் எடுத்துப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்.
நான்காவதில் அம்மா போன்.
"சாப்ட்டியா?"
"ம்."
"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"
"ம்."
அழித்துவிட்டேன்.

பேட்டையில் விடுதி அறை, ராத்திரி பத்தரை.
ஒவ்வொரு படிவமாக எக்செல்லில் ஏற்றுகிறேன்.
நாற்பத்தேழு.
மூன்றாவது வாக்கியம் காலி.
ஓரத்தில் பொடி எழுத்து:
'எங்கம்மைதான் எங்கிட்ட சொல்லுவா.'

யாருடைய கஷ்டத்தை நீ கேட்கிறாய் என்று
என் பதினாறில் எங்கேயும் இல்லை.

கைடுக்குப் போன் போட்டேன்.
"விடுபட்ட எடத்துல சராசரியப் போட்டுக்கோம்மா."
வகுப்பின் சராசரி மூன்று புள்ளி எட்டு.
பதினாலு வயசிடம் வந்து அழுகிற ஒரு அம்மையை
மூன்று புள்ளி எட்டால் எப்படி மூடுவது?
மூடினேன்.
மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன், பிறகு பார்க்கலாமென்று.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
நாற்பத்தேழு நீலத்தில் தொடங்கி
எட்டில் மங்கி
ஒன்பதில் வெறும் கீறல்.
பத்திலிருந்து பச்சை.
தலைமையாசிரியர் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற பச்சை.
நான் கொண்டுபோன பேனா அத்தனையும் நீலம்.

கட்டைப் பிரித்து மறுபடி பரப்பினேன்.
முப்பத்தொன்று முழுக்கப் பச்சை.
பன்னிரண்டில் கடைசி இரண்டு மட்டும் பச்சை.
இருபத்தாறில் ஒரே ஒரு வட்டம்.
பேசக் கூடாது, திரும்பக் கூடாது என்று
நான் நடந்துகொண்டிருந்த வரிசைகளில்
என் முதுகுக்குப் பின்னால்
ஒரு பேனா ஊர் சுற்றியிருக்கிறது.

இதற்கு ஒரு பத்தி சேர்க்கலாமா என்று யோசித்தேன்.
தலைப்பு என்ன கொடுப்பது?

நாற்பத்தேழுக்குத் திரும்பினேன்.
பதினோராவது வாக்கியம்:
'எனக்கு ஒன்று தேவைப்பட்டால் நண்பர்கள் தருவார்கள்.'
அவனோ அவளோ,
இல்லவே இல்லை என்பதில் வட்டம்.
ஒருமுறைக்கு இருமுறை
அழுத்தி,
பச்சையில்.